எண்ணெய் விடுவது கடைசி வேலை
(தீர்த்தமலையில் இரு சக்கர வண்டி வைத்திருப்போர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மலையேறிச் சாமி பார்த்துவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்களே, நீங்கள் கால் வலியோடு வந்திருப்பீர்கள். நான் கை வலியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இடது கை வலி. அரூரிலிருந்து இங்கே 16 கிலோமீட்டர். வெட்டவெளிச் சாலையில் வரும்போது தெரியாது. அரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் கிளட்ச் லிவரை எத்தனை முறை பிடித்து விடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது கட்டை விரலுக்குக் கீழே ஒரு கடுகடுப்பு இருக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வயசானது பெரும்பாலும் கிளட்ச் கேபிளுக்கு.

கேபிள் டைட்டாக இருக்கிறது என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன எண்ணெய் விடலாம்?’ என்பதுதான். அதை நான் கடைசியில்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன். ஏனென்றால் எண்ணெய் விடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் எண்ணெய் மட்டும் விட்டால், பத்து நாள் சுகமாக இருக்கும். பதினோராம் நாள் வழியில் அறுந்து நிற்கும்.

முதலில் இந்தப் பொருளைப் பற்றி. நாம் ‘கிளட்ச் ஒயர்’ என்கிறோமே, அது இரண்டு உறுப்புகள் சேர்ந்தது. உள்ளே ஓடுவது இன்னர். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்தது. பல வண்டிகளில் 19 இழை. வெளியே இருப்பது அவுட்டர். கறுப்பு பிளாஸ்டிக் உறையை உரித்துப் பார்த்தால், தட்டையான எஃகுக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டி வைத்திருப்பது தெரியும். அந்தச் சுருளுக்குள் இன்னும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதை லைனர் என்பார்கள். பழைய வண்டிகளில் லைனர் கிடையாது, எஃகுக்குள் எஃகு உரசிக்கொண்டே ஓடும். இன்னரின் இரண்டு முனையிலும் உலோகக் குமிழ் வைத்து வார்த்திருப்பார்கள். அதுதான் நிப்பிள்.

இன்னர் இழுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவுட்டர் என்ன செய்கிறது? வெறும் உறை என்று நினைக்கிறோம். இல்லை. இன்னரை நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலத்தை அவுட்டர் எதிர்ப்பக்கமாகத் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கேபிளை எப்படி வளைத்துக் கொண்டுபோனாலும் வேலை செய்கிறது. நேர்க்கோட்டில் கம்பி கட்டி இழுக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் பிரேக் பிடிக்கிறது. இந்த யோசனைக்கு 1896-இல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன், அயர்லாந்தில் பிறந்தவர். முதலில் சைக்கிள் பிரேக்குக்குத்தான் பயன்பட்டது. ராலே சைக்கிள் கம்பெனியின் பிராங்க் பௌடன் வேறு ஆள். இருவரையும் ஒருவராக்கி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1980-இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வெளிவந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். ஆக, அந்த மொபெட் நம் மாவட்டத்துச் சரக்கு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. கேபிளும் பக்கத்தில்தான். நாட்டில் ஓடும் இரு சக்கர வண்டிகளுக்குக் கேபிள் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனிகளில் ஒன்றான சுப்ரஜித் 1985-இல் பெங்களூரில் தொடங்கியது.

டி.வி.எஸ். எக்செல் மொபெட் வைத்திருக்கும் ஐயா ஒருவர் முன் வரிசையில் சிரிக்கிறார். எனக்குப் புரிகிறது. எக்செல்லில் கிளட்ச் லிவரே கிடையாது, தானாகப் பிடிக்கும் கிளட்ச். ‘நமக்கென்ன’ என்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு கையிலும் பிரேக் கேபிள் இருக்கிறது ஐயா, ஆக்சிலேட்டர் கேபிள் இருக்கிறது. பின்னால் இரண்டு பால் கேன், முன்னால் ஒரு தீவன மூட்டை, அதற்கு மேல் பேரன். நிறுத்துவதற்கு இருப்பது அந்த இரண்டு கேபிள். கொஞ்சம் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

கேபிள் ஏன் கடினமாகிறது? இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், ஒரே கணக்குத்தான். முரட்டுக் காளையை நேரே கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. அதே கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் சின்னப் பையன் பிடித்து நிறுத்துவான். கயிறு கம்பத்தில் உரசும் உராய்வு அவனுக்கு உதவுகிறது. ஆய்லர் என்ற கணித மேதை 18-ஆம் நூற்றாண்டில் இதற்குச் சூத்திரம் எழுதி வைத்தார். சுற்றும் கோணம் கூடக் கூட உராய்வின் பலன் கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும்.

காளையைப் பிடிக்கிறவனுக்கு அது உதவி. கிளட்ச் பிடிக்கிறவனுக்கு அதுவே எதிரி. கேபிள் வளையும் இடத்திலெல்லாம் இன்னர் அவுட்டரின் உட்சுவரில் அழுந்தி உரசுகிறது. லிவரிலிருந்து இன்ஜின் வரைக்கும் உள்ள வளைவுகளைக் கூட்டினால் அரை வட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கம் 10 கிலோ இழுவிசை தேவை. உள்ளே வழவழப்பாக, உராய்வு எண் 0.1 ஆக இருந்தால், மேல் முனையில் நீங்கள் இழுக்க வேண்டியது சுமார் 13.7 கிலோ. தூசியும் துருவும் சேர்ந்து உராய்வு எண் 0.3 ஆகிவிட்டால் அதே வேலைக்குச் சுமார் 25.7 கிலோ. லிவர் நெம்புகோலாக இருப்பதால் கைக்கு இதில் ஒரு பங்குதான் வருகிறது. ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டதே! இந்த இரண்டு மடங்கும் ஒரே நாளில் வந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போவோம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டு வருவதால் கை அதற்கேற்பப் பழகிவிடுகிறது. உங்கள் வண்டியின் நிலைமை தெரிய வேண்டுமானால் உங்கள் கையைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு அவனை ஒரு தரம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் முகம் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று உராய்வு, மற்றொன்று வளைவு. எண்ணெய் குறைப்பது உராய்வை மட்டும். வளைவை எந்த எண்ணெயும் குறைக்காது. அதனால்தான் முதல் வேலை, கேபிள் போகும் வழியைப் பார்ப்பது.

வளைவு எப்படிக் கூடுகிறது? கம்பெனியிலிருந்து வரும்போது கேபிள் பெரிய, இளகிய வளைவாகத்தான் வரும். நாம்தான் கெடுக்கிறோம். ஹேண்டில்பாரில் பை மாட்டுகிறோம். கட்டைப்பை, அதற்குள் இரண்டு கிலோ தக்காளி, ஒரு தேங்காய், ரேஷன் சர்க்கரை. பையின் காது நேராகக் கேபிள் மேல் போய் உட்காரும். பத்து நாள் உட்கார்ந்தால் அந்த இடத்தில் கேபிள் மடிந்துவிடும். அவுட்டரின் எஃகுச் சுருள் ஒரு தரம் மடிந்துவிட்டால் மறுபடி நிமிர்த்த முடியாது. அந்த மடிப்பில் இன்னர் ஒரே இடத்தில் உரசி லைனரை அறுத்துக்கொண்டே இருக்கும். சந்தைக்குப் போகும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பைக்கு ஒரு கொக்கி வாங்கி சீட்டுக்கு முன்னால் மாட்டுங்கள்.

இன்னும் சில. முன்னால் கூடுதல் விளக்கு மாட்டியவர்கள், செல்போன் ஸ்டாண்டு மாட்டியவர்கள் கேபிளைப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கேபிள் நகர வேண்டும். கட்டினால் நகராது, மடியும். விழுந்து எழுந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் கேபிள் சிக்கியிருக்கும். மெக்கானிக் கேபிள் மாற்றும்போது பழைய வழியில் போடாமல் கிட்டத்து வழியில் போட்டிருப்பார். புதுக் கேபிளாக இருந்தும் டைட்டாக இருக்கிறதென்றால் முக்கால்வாசி இதுதான் காரணம். அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை.

இரண்டாவது வேலை, நிப்பிளைப் பார்ப்பது. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நான் இன்றைக்குச் சொல்வதில் நீங்கள் ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் இதை எடுத்துப்போங்கள்.

கேபிள் எங்கே அறுகிறது? நடுவில் அறுந்து நான் அதிகம் பார்த்ததில்லை. லிவருக்குள் உட்கார்ந்திருக்கும் நிப்பிளின் கழுத்தில் அறுகிறது. லிவரை இழுக்கும்போது லிவர் ஒரு அச்சில் திரும்புகிறது. கேபிள் திரும்புவதில்லை, அது நேரே இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நிப்பிள் தன் குழிக்குள் கொஞ்சம் உருண்டு கொடுக்க வேண்டும். அது வட்டமாக இருப்பதே அதற்காகத்தான். அந்தக் குழி காய்ந்து, மண்ணும் துருவும் பிடித்து, நிப்பிள் உருளாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் லிவரைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் நிப்பிளின் கழுத்தில் இன்னர் வளைந்து நிமிரும். இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அறுவது சின்ன வயதிலேயே நாம் எல்லோரும் செய்து பார்த்தது. இங்கேயும் அதே கதைதான். ஒரு இழை அறும். மீதிப் பதினெட்டு இழைகள் அந்தப் பாரத்தைச் சுமக்கும். பிறகு இன்னொன்று. கடைசியில் சித்தேரி மலைப் பாதையில், இருட்டில், மொத்தமும்.

ஆகவே, கேபிள் முழுவதும் எண்ணெய் விட நேரமில்லையா, பரவாயில்லை. லிவரில் நிப்பிள் உட்காரும் குழியில் ஒரு பட்டாணி அளவு கிரீஸ் வையுங்கள். லிவரின் அச்சு போல்ட்டைக் கழற்றித் துடைத்து அதிலும் கொஞ்சம் தடவுங்கள். கால் மணி நேர வேலை. கேபிளுக்குள் அரை லிட்டர் எண்ணெய் விடுவதைவிட இது ஆயுளைக் கூட்டும். அப்படிப் பார்க்கும்போது நிப்பிள் கழுத்தில் ஒரே ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் விடாதீர்கள். மாற்றிவிடுங்கள். 100 சிசி வண்டியின் கிளட்ச் கேபிள் விலை பெரும்பாலும் இரண்டு லிட்டர் பெட்ரோல் காசுக்குள் முடிந்துவிடும். அதைப் போய் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கப் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

வழி சரியாக இருக்கிறது, நிப்பிள் உருளுகிறது, இழை அறவில்லை. இப்போது எண்ணெய்க்கு வரலாம்.

என்ன எண்ணெய்? முதலில் எது கூடாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவைதான் வீட்டில் கைக்குக் கிடைப்பவை. தேங்காய் எண்ணெய் கூடாது. அது 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் புட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்பது உங்களுக்குத் தெரியும். புட்டிக்குள் உறைவது கேபிளுக்குள்ளும் உறையும். விடிகாலையில் பால் ஊற்றப் போகிறவருக்கு ஆக்சிலேட்டர் திரும்பி வராது. விளக்கெண்ணெயும் சமையல் எண்ணெயும் நாளாக ஆகப் பிசினாகும். ஆயில் மாற்றும்போது வடியும் கறுப்பு வேஸ்ட் ஆயிலை விடுகிற வழக்கம் நம்மிடம் பலமாக இருக்கிறது. கதவுக் கீலுக்கு விடுங்கள், கேபிளுக்கு வேண்டாம். அதில் கரியும் நுண்ணிய உலோகத் தூளும் மிதக்கின்றன. உராய்வைக் குறைக்க நாம் விடுவது அரத்தூளாகிவிடும். கிரீஸை உள்ளே அழுத்தி அனுப்புவதும் வேண்டாம். கேழ்வரகுத் தாளைச் சாலையில் பரப்பி வண்டி ஏற்றி அடிக்கிற ஊர் நம்முடையது. பறக்கிற தூசி முழுவதையும் கிரீஸ் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூ.டி. 40-ஐப் பற்றி எங்கே போனாலும் கேட்கிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருப் பிடிக்காமல் காக்கத் தயாரித்த கரைசல் அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரில் 40. கேபிளுக்குள் போன தண்ணீரையும் பழைய பிசினையும் வெளியேற்ற அது நல்ல பொருள். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சும் படலம் மிக மெல்லியது. கழுவ அதைப் பயன்படுத்துங்கள், கழுவியபின் எண்ணெய் விடுங்கள்.

எது விடலாம்? தையல் மெஷின் ஆயில் விடலாம். மெலிதாக இருப்பதால் வேகமாக இறங்கும், சீக்கிரம் தீரவும் தீரும். என் விருப்பம் புது இன்ஜின் ஆயில். சர்வீஸில் ஆயில் மாற்றும்போது டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் காசு. நைலான் அல்லது டெஃப்லான் லைனர் போட்ட கேபிளாக இருந்தால் அதிகம் தேவையில்லை. சில வண்டிகளின் கையேட்டில், கேபிளுக்கு எண்ணெயே விட வேண்டாம் என்றுகூடப் போட்டிருக்கும். அப்படிப் போட்டிருந்தால் கையேடு சொல்வதைக் கேளுங்கள், நான் சொல்வதை அல்ல.

இனி வேலை. கிளட்ச் கேபிளை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரை முதலில் தளர்த்துங்கள், கேபிளுக்குத் தளர்ச்சி கிடைக்கும். பிறகு லிவர் பக்கம் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளினால் அட்ஜஸ்டரும் லாக் வளையமும் தெரியும். இரண்டிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும், லிவர் தாங்கியிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்று வெட்டுகளையும் ஒரே நேராகக் கொண்டு வாருங்கள். இப்போது கேபிளை இழுத்து அந்த வெட்டு வழியே வெளியே எடுத்து, நிப்பிளைக் கீழ்ப்பக்கமாக லிவரிலிருந்து கழற்றிவிடலாம். பலம் எதுவும் வேண்டாம். பலம் போட வேண்டியிருக்கிறது என்றால் வெட்டுகள் நேராக வரவில்லை என்று அர்த்தம். கீழ் முனையையும் கழற்றிவிடுங்கள்.

இனி ஒரு சின்னப் பாலிதீன் பை. அதன் ஒரு மூலையை நுனியில் மட்டும் கத்தரியுங்கள். கேபிளின் மேல் முனையை அந்த ஓட்டை வழியே உள்ளே விட்டு, அவுட்டரின் மேல் பையைச் சுற்றி, பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். புனல் தயார். வண்டிக்குமேல் ஏதாவது ஒரு ஆணியில் தொங்கவிட்டு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூன் போதும். ஒரு மீட்டர் கேபிளில் இன்னருக்கும் அவுட்டருக்கும் நடுவில் இருக்கிற இடமே அவ்வளவுதான். நிப்பிளைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக ஆட்டுங்கள், காற்றுக் குமிழி வரும், எண்ணெய் இறங்கும். கீழே ஒரு பழைய கிண்ணம். இரவு அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

காலையில் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் விழுந்திருப்பதுதான் உங்கள் கேபிளின் ஜாதகம். கறுப்பாக வந்து பிறகு தெளிந்திருந்தால் அழுக்கு மட்டும்தான், கழுவிவிட்டது. செங்கல் நிறத்தில் வந்துகொண்டே இருந்தால் உள்ளே துரு. இன்னும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். அப்போதும் சிவப்பாகவே வந்தால் புதுக் கேபிள் வாங்குங்கள். சொட்டே வரவில்லையா, எங்கோ மடிந்திருக்கிறது.

எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. ஆக்சிலேட்டர் கேபிளுக்குக் கீழ் முனையைக் கழற்றாமல் எண்ணெய் விடாதீர்கள், உள்ளே இருந்த அழுக்கெல்லாம் கழுவிக்கொண்டு கார்புரேட்டருக்குள் போய் இறங்கும். முன் பிரேக் கேபிளில் இன்னும் கவனம் வேண்டும். வழியும் எண்ணெய் டிரம்முக்குள்ளோ டயர் மேலோ போனால், நாம் செய்த உபகாரமே உபத்திரவமாகிவிடும். கழற்றி, வடியவிட்டு, துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மீட்டர் கேபிள் தனி ஜாதி, அதில் இன்னர் இழுபடுவதில்லை, சுழல்கிறது. இன்னரை உருவித் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவி, மேல் முனையில் இரண்டு அங்குலத்தை மட்டும் தடவாமல் விட்டுச் செருகுங்கள். இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

இங்கே ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பதை வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த வண்டி 1985-இல் வந்தது. வைத்திருப்பவர்கள் பிள்ளையைப்போல வைத்திருக்கிறார்கள். அதில் ஆக்சிலேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரியும். ஒன்று கார்புரேட்டருக்கு, மற்றொன்று இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்புக்கு. பம்புக்குப் போகும் கேபிள் சிக்கினாலோ அறுந்தாலோ வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாது. முறுக்க முறுக்க பெட்ரோல் கூடும், ஆயில் கூடாது. பிறகு பிஸ்டன் பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற வண்டிகளில் கேபிளைப் புறக்கணித்தால் கேபிள் செலவு, இதில் இன்ஜின் செலவு. பழைய சேத்தக் ஸ்கூட்டர்காரர்களுக்கு வேறு சோதனை. அதில் கியரே கேபிளில்தான், இடது கையில் முறுக்க முறுக்க இரண்டு கேபிள் மாறி மாறி இழுக்கும். ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டே அரூர் போய்ச் சேரலாம்.

புது வண்டிகளிலும் தப்பிக்க முடியாது. 2019 ஏப்ரலில் 125 சிசி வரைக்குமான புது வண்டிகளுக்கு, ஏ.பி.எஸ். இல்லையென்றால், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் கட்டாயமானது. பின் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கையும் கொஞ்சம் இழுக்கும் ஏற்பாடு. டிரம் பிரேக் வண்டிகளில் அதைச் செய்வது கூடுதலாக ஒரு கேபிள். அது சிக்கினால் முன் சக்கரம் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே ஓடும். மைலேஜ் குறைகிறது என்று பெட்ரோல் பங்கைத் திட்டுகிறவர்கள், முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றிப் பார்த்துவிட்டுத் திட்டலாம். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் செய்கிற மின்சார ஸ்கூட்டர்களில் கிளட்ச் இல்லை, ஆக்சிலேட்டருக்குக் கேபிள் இல்லை. டிரம் பிரேக் வைத்த மாடல் என்றால் பிரேக் கேபிள் மட்டும் இருக்கும். அதை மறந்துவிடுகிறார்கள், சத்தமில்லாமல் ஓடுகிற வண்டியில் எல்லாமே மறந்துபோகிறது.

எப்போது செய்வது? எனக்குப் பிடித்த நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள். முதல் நாள் வண்டியை வாட்டர் வாஷுக்கு விடுகிறோம். பிரஷரில் அடிக்கும் தண்ணீர் லிவர் பக்கத்து ரப்பர் உறைக்குள் புகுந்து கேபிளுக்குள் இறங்கும். அதன்மேல் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று கட்டிய சணல். அடுத்த சில நாட்களில் வடகிழக்குப் பருவமழை. ஒரு வருஷத்தில் கேபிளுக்குள் அதிக ஈரம் போகிற காலம் அதுதான். அப்போது ஒரு தடவை, சித்திரைத் தூசிக்கு முன்னால் ஒரு தடவை. நம் பக்கத்துக்கு அது போதும்.

மாட்டியபிறகு அட்ஜஸ்ட்மெண்ட். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், ஆக்சிலேட்டர் முறுக்கில் 2 முதல் 6 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் அளவைக் கையேட்டில் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கி வைத்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே தேயும்.

அதன்பிறகு, தெருவில் இறங்கும் முன், ஒரு சோதனை. இதை விட்டுவிட்டு யாரும் வண்டியை எடுக்கக் கூடாது. இன்ஜினை அணைத்த நிலையில் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். ‘டப்’பென்று தானே திரும்பி வர வேண்டும், கையால் தள்ளி வரவைப்பதாக இருக்கக் கூடாது. ஹேண்டில்பாரை இடது கோடிக்குத் திருப்பி ஒரு முறை, வலது கோடிக்குத் திருப்பி ஒரு முறை. பிறகு ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில், முறுக்காமல், ஹேண்டில்பாரை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அப்படியே எடுத்துக்கொண்டு போனால், முதல் திருப்பத்தில் நீங்கள் கேட்காமலே வண்டி வேகம் எடுக்கும்.

வழியில் அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிளட்ச் கேபிள் என்றால், நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, வண்டியைக் காலால் உந்தி உருட்டிக்கொண்டே முதல் கியரைப் போடுங்கள். ஒரு குலுக்கு குலுக்கிக் கிளம்பும். பிறகு ஆக்சிலேட்டரை மூடும் அந்தக் கணத்தில் அடுத்த கியர். நிறுத்தும் இடம் வருவதற்கு முன்பே நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். கூட்டத்துக்குள் இந்த வித்தை வேண்டாம். ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால், கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவைத்து, முதல் அல்லது இரண்டாவது கியரில் ஊர்ந்து ஊர் சேரலாம். 2020-க்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அதற்கு வழியில்லை. பிரேக் கேபிள் அறுந்தால் மலையிலிருந்து இறங்காதீர்கள், மற்றொரு பிரேக் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்.

சித்தேரி பக்கம் தினம் போய்வருகிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. நெடுந்தூரம் போகிறவர்கள் செய்வது. புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கி, எண்ணெய் விட்டு, ஓடுகிற கேபிளின் பக்கத்திலேயே அதே வழியில் போட்டு, இரண்டு முனையையும் தண்ணீர் புகாமல் டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். பழையது அறுந்த அன்று முனைகளை மாற்றி மாட்டினால் போதும், பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பானர் இருக்கட்டும்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ப்ளெண்டர் நிற்கிறது, உரிமையாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். வாருங்கள், அதன் கிளட்ச் கேபிளைக் கழற்றிப் பார்ப்போம். 10-ஆம் நம்பர் ஸ்பானர் யாராவது வைத்திருந்தால் கொடுங்கள்.